பேட்டர்ன் இல்லாமல் ஒரு மேக்ஸி: இஞ்ச் டேப், பழைய டாப்ஸ், மூன்றேகால் மீட்டர் துணி

நான் தைத்த முதல் மேக்ஸியை என் உடம்பிலிருந்து உரித்தெடுக்க இரண்டு பேர் தேவைப்பட்டார்கள். போடும்போது எப்படியோ இறங்கிவிட்டது. கழற்றும்போது மார்புக்கு மேலே வந்து நின்றுகொண்டது. இரண்டு கையும் மேலே, முகம் துணிக்குள். வெளியே தங்கை சிரிப்பை அடக்க முடியாமல், "அக்கா, மூச்சை வெளியே விடு, நான் இழுக்கிறேன்" என்கிறாள். அம்மா மறுபக்கம் பிடித்து இழுக்க, டர்ரென்று அக்குள் தையல் விட்டது. அதற்கப்புறம்தான் வெளியே வந்தேன்.

தப்பு எங்கே என்று யோசிக்க அதிக நேரம் ஆகவில்லை. எனக்குக் கச்சிதமாக இருக்கும் டி-ஷர்ட் ஒன்றைத் துணி மேல் விரித்து, சுற்றிக் கோடு போட்டு வெட்டியிருந்தேன். டி-ஷர்ட் பின்னல் துணி, இழுத்த இழுப்புக்கு வரும். நான் வெட்டியதோ நெய்த துணி, பருத்தி வாயில். அது அரை இஞ்ச்கூட இளகாது. பல இடங்களில் "உங்களுக்குப் பிடித்த டி-ஷர்ட்டை வைத்து வரைந்துகொள்ளுங்கள்" என்று சொல்கிறார்கள். தைக்கப்போவதும் பின்னல் துணியாக இருந்தால் தாராளமாகச் செய்யலாம். இல்லையென்றால் என் கதிதான்.

அதற்குப் பிறகு பத்துப் பதினைந்து மேக்ஸி தைத்திருப்பேன். ஒன்று மட்டும் நன்றாகப் புரிந்தது. ஒரு மேக்ஸியில் மூன்று மீட்டர் துணி இருந்தாலும், உண்மையில் கவனம் கேட்கிற இடம் தோளிலிருந்து அக்குள் வரைக்கும் உள்ள ஒரு சாண்தான். அதற்குக் கீழே எல்லாம் செவ்வகம், சுருக்கம், எலாஸ்டிக். அங்கே ஒரு இஞ்ச் முன்னே பின்னே போனாலும் யார் கண்ணுக்கும் தெரியாது. கழுத்திலும் கைக்குழியிலும் கால் இஞ்ச் போனால் உங்களுக்கே உறுத்தும். அதனால் இங்கே மேல்பகுதியைப் பற்றி நிறையப் பேசுவேன், பாவாடைப் பகுதியை ஓட்டமாகச் சொல்லிவிடுவேன்.

பேட்டர்ன், அதாவது துணி மேல் வைத்து வெட்டும் காகித மாதிரி, இல்லாமல் எப்படி வெட்டுவது என்று பயப்படுகிறவர்களுக்கு ஒரு தகவல். பல அளவுகளில் காகித பேட்டர்ன் போட்டு விற்பதை எபனேசர் பட்டெரிக் என்ற அமெரிக்கத் தையற்காரர் தொடங்கியதே 1863-இல்தான். அதற்கு முன்னால் உலகம் ஒன்றும் துணியில்லாமல் நடமாடவில்லை.

நான் சொல்லப்போகும் மேக்ஸி இப்படி இருக்கும்: கையில்லாதது, தலைவழியாகப் போடுவது, இடுப்பில் எலாஸ்டிக், கணுக்கால் வரை நீளம். ஜிப் கிடையாது, பட்டன் கிடையாது, ஹூக் கிடையாது.

துணி

வெயில் காலத்துக்கு வாயில், மல், லான், மெல்லிய லினன், ரேயான் எல்லாம் சரி. பாப்ளினும் போடலாம். ஆனால் இடுப்பில் சுருக்கம் வைத்தால் அது கீழே விழாமல் குடை மாதிரி விரிந்து நிற்கும். சிலருக்கு அது பிடிக்கும், எனக்கு ஆகாது. ரேயான் அழகாக விழும், ஆனால் வெட்டும்போது மேஜையில் நழுவிக்கொண்டே இருக்கும். நனைந்தால் அதன் இழைக்கு வலுக் குறையும் என்பதால் முறுக்கிப் பிழியவும் கூடாது. முதல் தடவை தைக்கிறவர்கள் பருத்தியோடு தொடங்கினால் பாதித் தலைவலி குறையும். பாலியெஸ்டர் ஜார்ஜெட் பார்க்க நன்றாக இருக்கும், வியர்வையை உறிஞ்சாது. வெயிலுக்காகத் தைத்துவிட்டு அதற்குள்ளேயே வேகவேண்டுமா?

வாங்குமுன் இரண்டு சோதனை செய்வேன். துணியைக் கையில் சுருட்டி மெதுவாகப் பத்து எண்ணும்வரை இறுக்கிப் பிடித்து விடுவேன். கசங்கியது கசங்கியபடியே நின்றால், உட்கார்ந்து எழுந்த பிறகும் அப்படித்தான் இருக்கும். அப்புறம் ஒரு மடிப்பை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்து, உள்ளே கையை வைத்துப் பார்ப்பேன். விரல்கள் தனித்தனியாகத் தெரிந்தால் உள்ளே ஸ்லிப் போட வேண்டியிருக்கும். பூவோ பறவையோ ஒரே பக்கம் பார்த்த டிசைனாக இருந்தால் அதையும் அப்போதே கவனித்துக்கொள்ளுங்கள். என்னிடம் ஒரு மேக்ஸி இருக்கிறது. முன்பக்கம் கொக்குகள் நிற்கும், பின்பக்கம் அதே கொக்குகள் தலைகீழாகத் தொங்கும்.

எவ்வளவு வாங்குவது? 44 இஞ்ச் பன்னாவில் (பன்னா என்பது துணியின் அகலம்) எனக்கு மூன்றேகால் மீட்டர் போதும். கணக்கைப் பின்னால் சொல்கிறேன். மார்பு அளவு 38 அல்லது அதற்கு மேல் இருந்தால், முன்னும் பின்னும் ஒரே பன்னாவில் அடங்காது. மூன்றே முக்கால் மீட்டர் வாங்கிவிடுங்கள்.

வாங்கி வந்ததும் வெட்டாதீர்கள். பிறகு எப்படித் துவைக்கப்போகிறீர்களோ அதே மாதிரி ஒருமுறை துவைத்துக் காயவைத்து இஸ்திரி போடுங்கள். கடைசியாக நான் வாங்கிய மூன்றேகால் மீட்டர் வாயிலைத் துவைத்தபின் அளந்தால் நீளத்தில் நாலு இஞ்ச் காணவில்லை. பன்னாவிலும் ஒரு இஞ்ச் போயிருந்தது. தைத்த பிறகு அது நடந்திருந்தால் கணுக்கால் மேக்ஸி கெண்டைக்கால் மேக்ஸி ஆகியிருக்கும்.

அளவு

இடுப்பில் ஒரு நாடாவைக் கட்டிக்கொண்டு இடமும் வலமும் நாலு தடவை வளைந்து நிமிருங்கள். நாடா தானாகப் போய் நிற்கும் இடம்தான் உங்கள் இடுப்பு. நாம் இடுப்பு என்று நினைத்துக்கொண்டிருக்கும் இடத்துக்கும் அதற்கும் ஒரு இஞ்ச், ஒன்றரை இஞ்ச் வித்தியாசம் இருக்கும். நாடாவை அவிழ்க்காமலே மற்ற அளவுகளை எடுங்கள்: மார்புச் சுற்றளவு, இடுப்புச் சுற்றளவு, தோளும் கழுத்தும் சேரும் இடத்திலிருந்து மார்பின் மேலாக நாடா வரை, நாடாவிலிருந்து கணுக்கால் வரை. இன்னொன்றும் உண்டு, யாரும் எடுக்காதது: தலையின் சுற்றளவு. நெற்றியைச் சுற்றி டேப்பைப் பிடியுங்கள்.

என் அளவு 36, 30, 16, 39, தலை 22. கீழே வரும் எண்கள் எல்லாம் இவற்றிலிருந்து வருபவை. உங்கள் எண்களைப் போட்டு மாற்றிக்கொள்ளுங்கள்.

மேல்பகுதியில் முன்னையும் பின்னையும் நடுவில் மடித்து வெட்டுவோம், அப்படி மடித்த ஒரு பாதியின் அகலம்: மார்பில் கால் பங்கு 9, லூசுக்கு 1, தையலுக்கு அரை. ஆக பத்தரை. தைத்து முடித்தால் சுற்றளவு 40 வரும், அதாவது உடம்பை விட நாலு இஞ்ச் அதிகம். அதைக் குறைக்காதீர்கள். ஜிப் இல்லாத உடை தோளையும் மார்பையும் தாண்டி இறங்க அந்த நாலு இஞ்ச் வேண்டும். நீளம்: 16, அதோடு ஒன்றரை, தோள் தையலுக்கு அரை, இடுப்பில் எலாஸ்டிக் குழாய்க்கு 1. ஆக 19. நடுவில் எதற்கு அந்த ஒன்றரை என்று கேட்டால், கையைத் தூக்கும்போது எலாஸ்டிக் இடுப்பிலேயே நிற்க, மேலே கொஞ்சம் துணி தளர்வாக இருக்கவேண்டும். இல்லாவிட்டால் பஸ் கம்பியைப் பிடிக்கும்போதெல்லாம் பாவாடையும் சேர்ந்து மேலே ஏறும்.

பாவாடைப் பகுதிக்கு முன்பாதி, பின்பாதி ஒவ்வொன்றும் முழுப் பன்னா அகலம். நீளம் 39, மேலே 1, கீழே மடிக்க ஒன்றரை, ஆக நாற்பத்தொன்றரை. இரண்டுக்கும் 83. மேல்பகுதிக்கு 19. கழுத்துக்கும் கைக்குழிக்கும் கிராஸ் பட்டி, அதாவது மூலைவாக்கில் வெட்டும் பட்டி, எடுக்க ஒரு 14. கூட்டினால் 116 இஞ்ச். மூன்றேகால் மீட்டர் என்பது 128 இஞ்ச், சுருங்கியது போக 124. மிச்சத்தில் இரண்டு பாக்கெட் வெட்டலாம்.

மேல்பகுதி

முதலில் துணியின் முனை நேராக இருக்கிறதா பாருங்கள். கடையில் கத்தரியை ஓட்டிய வேகத்தில் அது நேராக இருக்காது. கரையில் சின்னதாக ஒரு வெட்டுக் கொடுத்து, குறுக்கே போகும் ஓர் இழையை நகத்தால் பிடித்து மெதுவாக இழுத்தால், துணி சுருங்கிச் சுருங்கி அந்த இழை உருவி வரும். அது விட்டுப்போன இடம் மெல்லிய கோடாகத் தெரியும். அந்தக் கோட்டிலேயே வெட்டினால் இழை நேர் பிசகாது. நடுவில் இழை அறுந்தால் பரவாயில்லை, அங்கேவரை வெட்டிவிட்டு அடுத்ததை இழுங்கள். பருத்தியாக இருந்தால் கிழித்தும் விடலாம், நேராகத்தான் கிழியும். இழை நேர் தவறி வெட்டிய பாவாடை, நாலு துவைப்புக்கு அப்புறம் ஒரு பக்கமாகத் திருகிக்கொண்டு காலைச் சுற்றும்.

இப்போது 19 இஞ்ச் நீளத்தில் ஒரு துண்டு எடுத்து, இரண்டு கரையையும் நடுவில் வந்து சந்திக்கும்படி மடியுங்கள். கதவை இரண்டு பக்கமும் சாத்துகிற மாதிரி. இப்போது இடதும் வலதுமாக இரண்டு மடிப்பு கிடைக்கும். ஒரு மடிப்பு முன்பக்கத்துக்கு, இன்னொன்று பின்பக்கத்துக்கு.

சாக்பீஸை எடுத்து முன்பக்க மடிப்பின் மேல் மூலையிலிருந்து தொடங்குங்கள். மேல் ஓரத்தில் மூன்றரை இஞ்சில் ஒரு புள்ளி, அது கழுத்து அகலத்தில் பாதி. அதிலிருந்து மூன்று இஞ்ச் தள்ளி, அதாவது ஆறரையில், முக்கால் இஞ்ச் கீழே இறக்கி இன்னொரு புள்ளி. இரண்டையும் சேர்த்தால் தோள். தோள் சரிவில்லாமல் நேராக வெட்டினால் கழுத்துப் பக்கம் துணி விம்மி நிற்கும். கைக்குழிக்கு மேல் ஓரத்திலிருந்து 8 இஞ்ச் கீழே, பத்தரை அகலத்தில் ஒரு புள்ளி. தோள் முனையிலிருந்து ஐந்து இஞ்ச் வரை நேராக இறங்கி, அப்புறம் வளைந்து அந்தப் புள்ளிக்குப் போங்கள். முன்பக்கத்தில் அந்த வளைவைப் பின்பக்கத்தை விட அரை இஞ்ச் உள்ளே தள்ளி வரையவேண்டும். நம் கை முன்னால்தான் வேலை செய்கிறது, பின்னால் அல்ல. கைக்குழிப் புள்ளியிலிருந்து கீழே நேர்கோடு, இடுப்பில் குறுக்கவே வேண்டாம்.

கழுத்து இறக்கம் கடைசியாக முன்னால் ஆறரை, பின்னால் மூன்று வரும், தோள் தையலுக்கான அரை இஞ்சும் சேர்த்து. ஆனால் முதலில் முன்னால் ஐந்தில் நிறுத்திக்கொள்ளுங்கள். இறக்கியதை ஏற்ற முடியாது.

இங்கேதான் பழைய டாப்ஸ் வருகிறது. உங்களிடம் இருக்கும் நெய்த துணியில் தைத்த, கையில்லாத டாப்ஸ் ஒன்றை நடுவில் மடித்து, வரைந்த கோட்டின் மேல் வையுங்கள். தோளும் கைக்குழியும் கிட்டத்தட்ட ஒத்துப்போனால் சரி. ஒரு இஞ்சுக்கு மேல் வித்தியாசம் வந்தால், டேப்பை எங்கேயோ தப்பாகப் பிடித்திருக்கிறீர்கள், திரும்ப அளங்கள். பழைய டாப்ஸை வைத்து அப்படியே வரைந்துவிட்டால் என்ன என்றால், கைக்குழி தையலில் இழுபட்டுச் சுருண்டிருக்கும், சரியாகப் படியாது. சரிபார்க்க மட்டும் அது நல்ல ஆள்.

நல்ல துணியை வெட்டுமுன், வரைந்ததை அப்படியே ஒரு பழைய பெட்ஷீட்டிலும் வரைந்து, முதலில் அதை வெட்டிப் பாருங்கள். மேல்பகுதி மட்டும். மெஷினில் பெரிய தையலாக வைத்து தோளையும் பக்கத்தையும் அடித்துப் போட்டுக்கொள்ளுங்கள். அரை மணி நேர வேலை. நான் முதல் தடவை சோம்பேறித்தனமாக விட்ட அரை மணி நேரம்.

போட்டுக்கொண்டு கண்ணாடி முன் நில்லுங்கள். தலை இடிக்காமல் நுழைந்ததா? ஐந்து இஞ்ச் இறக்கத்தில் அநேகமாக இடிக்கும், அரை அரை இஞ்சாக இறக்கிக்கொண்டே வாருங்கள். டேப்பை நிற்கவைத்து கழுத்து வளைவு முழுக்க அளந்தால் தலைச் சுற்றளவை விட ஒன்றிரண்டு இஞ்ச் அதிகமாக இருக்கவேண்டும். என் கணக்கில் கழுத்து 24 இஞ்சைத் தாண்டும், 22 இஞ்ச் தலை சுலபமாகப் போகும். அப்புறம் அலமாரியின் மேல்தட்டில் எதையோ எடுப்பது போலக் கையைத் தூக்குங்கள். அக்குளில் அறுத்தால் கைக்குழியைக் கால் இஞ்ச் இறக்குங்கள். அதற்கு மேல் வேண்டாம், உள்ளாடை தெரியும். கடைசியாக, கீழே விழுந்த சாவியை எடுக்கிற மாதிரி குனிந்து கண்ணாடியைப் பாருங்கள். கழுத்து வழியாக வயிறு வரை தெரிந்தால் அகலத்தை அரை இஞ்ச் குறையுங்கள். தலை நுழைவதற்கு வேண்டிய இடத்தைப் பின்கழுத்தை இறக்கி ஈடுகட்டிக்கொள்ளலாம்.

மார்பு பெரிதாக இருப்பவர்களுக்கு முன் கைக்குழியில் துணி வாய் பிளந்து நிற்கும். அந்தத் தொளதொளப்பை விரலால் கிள்ளிப் பாருங்கள். அரை இஞ்சுக்குள் இருந்தால், பட்டி அடிக்கும்போது அந்த இடத்தில் பட்டியைச் சற்று இழுத்துப் பிடித்து அடித்தால் துணி உள்ளே அடங்கிவிடும். அதற்கு மேல் இருந்தால் அதே இடத்தில் ஒரு டாட் (கூராக முடியும் மடிப்புத் தையல்) பிடித்துவிடுங்கள், கைக்குழியில் தொடங்கி மார்பின் முனைக்கு ஒரு இஞ்ச் முன்னால் முடிகிற மாதிரி.

திருப்தியானதும் பெட்ஷீட்டின் தையலைப் பிரித்து இஸ்திரி போட்டு எடுத்துவையுங்கள். பேட்டர்ன் இல்லாமல் என்று தலைப்பில் போட்டுவிட்டேன், ஆனால் இனிமேல் இதுதான் உங்கள் பேட்டர்ன். என்னுடையது ஐந்து வருடமாக அலமாரியில் இருக்கிறது.

கழுத்துப் பட்டி

நல்ல துணியை வெட்டியாயிற்று. மெல்லிய துணிக்கு 11 நம்பர் ஊசி, பாப்ளினோ லினனோ என்றால் 14. புது ஊசி. மழுங்கிய ஊசி வாயிலில் இழை இழையாக இழுத்துவிடும்.

தோள்களை அரை இஞ்ச் விட்டு அடித்து, தையலை விரித்து இஸ்திரி போடுங்கள். இப்போது கழுத்து ஒரு பெரிய வட்டமாக இருக்கும். இதைப் பிடித்துத் தூக்காதீர்கள், தொங்கவிடாதீர்கள். வளைவில் துணி குறுக்கு வாட்டில் வெட்டுப்பட்டிருப்பதால் தன் எடைக்கே நீண்டுவிடும். ஓரத்திலிருந்து ஒரு நூல் அளவு (அரைக்கால் இஞ்ச்) உள்ளே தள்ளி, ஒற்றைத் துணியில் ஒரு சாதாரணத் தையல் ஓட்டிவிட்டால் அது நீளாமல் நிற்கும். பலர் இதை விட்டுவிட்டுத்தான் கழுத்து ஏன் அலை அலையாக நிற்கிறது என்று கேட்கிறார்கள்.

பட்டிக்கு எடுத்துவைத்த துண்டின் மூலையை, கரை ஓரம் குறுக்கு ஓரத்தின் மேல் படியும்படி மடியுங்கள். அந்த மடிப்புக்கோடுதான் சரியான கிராஸ். அதற்கு இணையாக ஒன்றேகால் இஞ்ச் அகலத்தில் பட்டிகள் வெட்டுங்கள். கழுத்துக்கும் இரண்டு கைக்குழிக்கும் மொத்தம் 60 இஞ்ச் போல வேண்டும். துண்டு துண்டாக இணைத்துக்கொள்ளலாம். வெட்டிய பட்டியை இழுத்துப் பார்த்தால் ரப்பர் மாதிரி நீளும். நேர் வாட்டில் வெட்டிய பட்டி நீளாது, வளைவில் மடங்காது, சுருக்கு விழும்.

பட்டியின் நல்ல பக்கத்தைக் கழுத்தின் நல்ல பக்கத்தோடு வைத்து, பின்தோளில் தொடங்கி, கால் இஞ்ச் விட்டு அடித்துக்கொண்டே போங்கள். குண்டூசி குத்தவேண்டாம் என்பது என் கட்சி. குத்தினால் வளைவு தட்டையாகிவிடுகிறது. இடது கையால் பட்டியை லேசாக, மிக லேசாக இழுத்தபடி, வலது கையால் கழுத்துத் துணியைத் தளர்வாக ஊசிக்குக் காட்டவேண்டும். முன்கழுத்தின் அடிவளைவில் வேகத்தைக் குறையுங்கள். இரண்டு மூன்று தையலுக்கு ஒருமுறை ஊசி துணிக்குள் இருக்கும்போதே, துணியை அழுத்திப் பிடிக்கும் மெஷின் காலைத் தூக்கி, துணியைச் சற்றுத் திருப்பி, மறுபடி இறக்குங்கள். இது அலுப்பான வேலைதான். மொத்தம் இரண்டடி தூரம், பத்து நிமிடம்.

சுற்றி முடித்து முனைகளை இணைத்தபின், வளைவு முழுக்க அரை இஞ்சுக்கு ஒன்றாகத் தையலைத் தொடாமல் சின்னச் சின்ன கட் கொடுங்கள். பட்டியை மட்டும் வெளியே விரித்து ஒருமுறை இஸ்திரி. பிறகு முழுவதையும் உள்பக்கம் மடக்கி, தையல் ஒரு மயிரிழை உள்ளே போகும்படி விரலால் உருட்டி மறுபடி இஸ்திரி. மிச்ச ஓரத்தை உள்ளே மடித்து அதன் விளிம்பில் அடித்தால் முடிந்தது. அலை இருக்கிறதா? அப்போதும் பதற வேண்டாம். கொஞ்சம் தண்ணீர் தெளித்து, இஸ்திரிப் பெட்டியைத் தேய்க்காமல் மேலிருந்து அழுத்தி எடுங்கள். முக்கால்வாசி அடங்கிவிடும்.

கைக்குழிக்கும் இதே வேலைதான். பக்கத் தையல் போடுவதற்கு முன்பே, துணி விரிந்து கிடக்கும்போதே அடித்துவிட்டால் சுலபம். முடித்துவிட்டுப் பக்கங்களை அரை இஞ்ச் விட்டு இணையுங்கள். ஓவர்லாக் இல்லாவிட்டால் ஓரத்துக்கு ஜிக்ஜாக் போதும்.

பாவாடை

இரண்டு பாதியின் பக்கங்களை இணையுங்கள். பாக்கெட் வேண்டுமென்றால் இப்போதே வைக்கவேண்டும். என்னைக் கேட்டால் பாக்கெட் இல்லாத மேக்ஸி பாதி மேக்ஸி. கையை மிச்சத் துணியில் வைத்துச் சுற்றிலும் ஒரு இஞ்ச் விட்டு வரைந்து நாலு துண்டு வெட்டினால் இரண்டு பாக்கெட். வாய் ஆறரை இஞ்ச், இடுப்பிலிருந்து மூன்று இஞ்ச் கீழே. துண்டின் மேல்பகுதியை இடுப்புத் தையல் வரை நீட்டி அதிலேயே சேர்த்து அடித்துவிடுங்கள். மெல்லிய துணியில் போனை வைத்தால் அது பக்கத்தையே இழுத்துக்கொண்டு தொங்கும். இடுப்பு அந்தப் பாரத்தைப் பிடித்துக்கொள்ளட்டும்.

சுருக்கத்துக்கு மெஷினில் இருப்பதிலேயே பெரிய தையலை வைத்து, மேல்நூலின் இறுக்கத்தைக் கொஞ்சம் குறைத்து, மேல் ஓரத்திலிருந்து முக்கால் இஞ்சில் ஒரு வரி, ஒன்றேகாலில் ஒரு வரி ஓட்டுங்கள். முன்பாதி தனி, பின்பாதி தனி. 85 இஞ்சையும் ஒரே நூலில் இழுக்கப் பார்த்தால் பாதியில் அறும். மேல்பகுதியையும் பாவாடையையும் நான்காகப் பிரித்துக் குறி வைத்து, குறிக்குக் குறி குண்டூசி போட்டபின், பாபின் நூலை, அதாவது அடிநூலை மட்டும் பிடித்து இழுங்கள். சுருக்கம் ஓரிடத்தில் குவியாமல் விரலால் பரத்திவிட்டு, இரண்டு வரிக்கும் நடுவே, ஒரு இஞ்சில் அடியுங்கள். அடித்ததும் வெளியே தெரியும் வரியை உருவிவிடலாம்.

இந்த ஒரு இஞ்ச் ஓரத்தை மேல்நோக்கி மடக்கி, அதன் விளிம்பை மேல்பகுதியோடு சுற்றிலும் அடித்தால் எலாஸ்டிக் போக ஒரு குழாய் கிடைக்கும். பக்கத் தையல் அருகே இரண்டு இஞ்ச் திறந்து விடுங்கள். எலாஸ்டிக் அரை இஞ்ச் அகலம், நீளம் இடுப்பளவில் இரண்டு குறைத்து. எனக்கு 28. ஒரு முனையில் சேப்டி பின் மாட்டிக் குழாய்க்குள் நுழைத்துவிடுங்கள். மறுமுனை உள்ளே ஓடிவிடாமல் அதையும் துணியோடு பின் குத்திவைத்துவிடுங்கள். கடைசி இரண்டு இஞ்ச் இருக்கும்போது மறுமுனை காணாமல் போனால் வருகிற கோபம் கொஞ்சநஞ்சமல்ல. முனைகளை உடனே தைக்காமல் பின் போட்டு, ஒருமுறை போட்டு உட்கார்ந்து பாருங்கள். சாப்பிட்ட பிறகு பார்த்தால் இன்னும் நல்லது.

கீழ் ஓரத்தை அன்றைக்கே அடிக்காதீர்கள். ஒரு ராத்திரி ஹாங்கரில் தொங்கட்டும், ரேயான் என்றால் கட்டாயம். தன் எடைக்கு இறங்கவேண்டியதெல்லாம் இறங்கட்டும். மறுநாள் அதைப் போட்டு, எந்தச் செருப்போடு போடுவீர்களோ அந்தச் செருப்பையும் மாட்டிக்கொண்டு நிமிர்ந்து நில்லுங்கள். வேறு யாராவது தரையில் ஸ்கேலை நிற்கவைத்து, தரையிலிருந்து ஒரே உயரத்தில் சுற்றிலும் சாக்பீஸால் குறிக்கட்டும். நீங்களே குனிந்து குறித்தால் முன்பக்கம் இறங்கி, குறி தப்பாகும். ஆள் இல்லையென்றால் ஹாங்கரில் மாட்டி, இடுப்புத் தையலிலிருந்து கீழே அளந்து குறித்துக்கொள்ளலாம். அந்தக் குறிதான் மடிப்புக்கோடு. அதற்குக் கீழே ஒன்றரை இஞ்ச் விட்டு மிச்சத்தை வெட்டி, முதலில் கால் இஞ்ச், அப்புறம் ஒன்றேகால் என்று மடித்து அடியுங்கள்.

அந்த முதல் மேக்ஸியை நான் தூக்கிப் போடவில்லை. இரண்டு பக்கத் தையலையும் அக்குளிலிருந்து இடுப்பு வரை பிரித்து, மூன்று இஞ்ச் அகலத்தில் பக்கத்துக்கொரு பட்டையாக வேறு நிறத் துணியை வைத்து இணைத்தேன். தையல் போக ஒரு பக்கத்துக்கு இரண்டு, மொத்தம் நாலு இஞ்ச் கிடைத்தது. உங்கள் மேக்ஸியும் இறுக்கமாகிவிட்டால் இதையே செய்யலாம். பாவாடையில்தான் சுருக்கம் இருக்கிறதே, அதைக் கொஞ்சம் தளர்த்தினால் இடுப்பும் ஒத்துப்போகும். இப்போது அதைத் தங்கைதான் போட்டுக்கொண்டு திரிகிறாள். பக்கத்தில் பட்டை வைத்த டிசைன் எங்கே பிடித்தாய் என்று அவள் தோழிகள் கேட்கிறார்களாம்.